ஆறரை மணி கேட்டும் 22 நிமிஷமும்

எக்சர்சைஸ் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்போன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எங்க நாளைக் கொஞ்சம் பாருங்க மக்களே. காலையில எட்டே முக்காலுக்கு முதல் பீரியட். நாலரைக்கு விடுவாங்க, லேப் இருந்தா அஞ்சேகால். ஆறரைக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை மூடிடுவாங்க. ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, ஷாம்பூ பாக்கெட் எல்லாம் நடுவுல இருக்கிற அந்த ஒரு மணி நேரத்துலதான். அப்புறம் அட்டெண்டன்ஸ், மெஸ், ரெக்கார்ட் நோட், மறுநாள் இன்டர்னல். பாய்ஸ் ஹாஸ்டலுக்கு மட்டும் ஒன்பதரை வரைக்கும் கேட் திறந்திருக்கும். லைட் போட்ட கிரவுண்ட்ல அவங்க வாலிபால் ஆடுற சத்தம் எங்க ரூம் வரைக்கும் கேட்கும். (பொறாமையான்னு கேட்டா, ஆமா.)

எனக்கு இது உடம்பு இளைக்கிற விஷயம் இல்ல. அம்மாவுக்கு 41 வயசுல சர்க்கரை வந்தது. பாட்டிக்கும் இருந்தது. நம்ம ஊர்க்காரங்களுக்கு மேல்நாட்டுக்காரங்களைவிட சின்ன வயசுலயே, அவ்வளவு குண்டா இல்லாட்டியும், சர்க்கரை வருதுன்னு டாக்டர்கள் ரொம்ப வருஷமா சொல்றாங்க. அதனால "படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் பாத்துக்கலாம்"ங்கிற வசதி எனக்குக் கிடையாது.

சரி, எவ்வளவு செய்யணும்? உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம். வேகமா நடந்தாலே போதும். 150ஐ ஏழால வகுத்தா நாளைக்கு 22 நிமிஷம்கூட வரல! 2010ல அவங்க இதைச் சொன்னப்போ, ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 10 நிமிஷம் தொடர்ந்து செய்யணும்னு ஒரு நிபந்தனை வெச்சிருந்தாங்க. 2020ல அதை எடுத்துட்டாங்க. துண்டு துண்டா செஞ்சாலும் கணக்குல சேரும். ஹாஸ்டல் பொண்ணுங்களுக்காகவே மாத்தின மாதிரி இருந்தது எனக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச பழைய கதை ஒண்ணு. லண்டன் மாடி பஸ்கள்ல டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். ரெண்டு பேரையும் ஒப்பிட்டு ஜெர்ரி மோரிஸ்ங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் 1953ல எழுதினாங்க: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிக்கெட் கிழிச்ச மனுஷனுக்கு எக்சர்சைஸுக்குன்னு தனி நேரம் யார் கொடுத்தா?

நான் செய்யறது இவ்வளவுதான். லேப் நாலாவது மாடி, லிஃப்ட் பக்கமே போறதில்ல. ராத்திரி சாப்பிட்டதும் காரிடார்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 10 நிமிஷம், வைவா கேள்விகளைச் சொல்லிக்கிட்டே நடப்பேன். நடக்கிறப்போ தசைங்க ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸை இழுத்துக்குமாம், சாப்பிட்டு நடக்கச் சொல்றது அதுக்குத்தான். வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு பலமான வேலையும் கொடுக்கணுமாம். அதை எங்க ஹாஸ்டல் மோட்டார் பாத்துக்குது. அது ஓடாத நாள்ல கீழேர்ந்து மூணாவது மாடிக்கு பக்கெட் தூக்கணும். 10 லிட்டர் தண்ணி 10 கிலோ :-)

இருந்தாலும் காரிடார்ல ஓட முடியாது, ஸ்கிப்பிங் ஆடினா கீழ் ரூம் அக்காங்க சண்டைக்கு வருவாங்க. மொட்டை மாடியோ எப்பவும் பூட்டுதான். போன செமஸ்டர்ல லெட்டர் எழுதி, 40 பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வார்டன் மேடம்கிட்ட கொடுத்தோம். மூணு வாரம் பதில் இல்ல. அப்புறம் காலையில அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும் திறந்து விடுறோம்னு சொன்னாங்க. முதல் நாள் 23 பேர். ரெண்டாவது வாரம் ஒன்பது. இன்டர்னல் வந்தா நானும் என் ரூம்மேட்டும் மட்டும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரெக்கார்ட் எழுதிட்டு அஞ்சரைக்கு எழுந்திருக்கச் சொன்னா எவ வருவா? அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. எங்களுக்கு வேண்டியது சாயங்காலம்.

அதனால இப்போ அடுத்த லெட்டர். ஒன்பதரை கூட கேட்கல, எட்டு மணி வரைக்கும் கிரவுண்டுக்குப் போய் வர விடுங்கன்னு. முதல் ரெண்டு மாடி கையெழுத்து முடிஞ்சது. மூணாவது மாடி அக்காங்களுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூவாம், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.