பங்குனியில் கழுவெளி: வெயில் எப்படி, என்ன பறவை இருக்கும்?

"பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கழுவெளிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். வெயில் தாங்குமா? வெளிநாட்டுப் பறவைகள் அப்போது இருக்குமா?" என்று விக்கிரவாண்டிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பரீட்சை முடியும் வரை காத்திருக்க வேண்டாம், பங்குனியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள் என்பதுதான் என் பதில். சித்திரை பாதிக்கு மேல் போனால் வெயில்தான் மிச்சமாக இருக்கும். விருந்தாளிகளில் பெரும்பாலோர் கிளம்பியிருப்பார்கள்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாக மரக்காணம் ஒரு மணி நேரப் பயணம். பங்குனியில் சாலையோரம் தர்பூசணி குவிந்து கிடக்கும். மல்லாட்டை அறுவடை ஒரு பக்கம், நவரை நெல் முற்றும் வயல் ஒரு பக்கம் என்று போய், சவுக்குத் தோப்புகளைத் தாண்டினால் காற்றில் உப்பு வாசனை வரும். வெள்ளைப் பாத்திகளாக உப்பளம் விரியும். அதற்குத் தெற்கே வானூர் வட்டம் வரை நீளும் ஆழமில்லாத பரப்புதான் கழுவெளி. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரியது. 2021 டிசம்பரில் இதில் 5,151 ஹெக்டேரைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

இந்த ஏரிக்கு ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் சுற்றியுள்ள ஊர் ஏரிகள் நிரம்பி வழியும் நீர்தான் வரத்து. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது நமக்கு மறக்காது. அப்படி வரும் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக மெதுவாகக் கடலுக்கு விடுகிற இடம் இது. மார்கழியில் நிறைந்து நிற்கும். பங்குனியில் கணுக்கால் அளவாகக் குறையும். வைகாசியில் பெரும்பகுதி வெடித்த சேறாகக் கிடக்கும். பறவைக்குப் பிடித்தது அந்தப் பங்குனித் தண்ணீர்தான். நீர் வற்ற வற்றப் புழு, நண்டுக் குஞ்சு, சிறு மீன் எல்லாம் அலகுக்கு எட்டும்.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பகல் வெப்பம் 34, 35 டிகிரி இருக்கும். மே மாதத்தில் 40-ஐத் தொடும் நாளும் உண்டு. காலை 6 மணிக்குப் புல்லில் பனி இருக்கும், காற்று அசையாது. பறவை பார்க்க அதுதான் நேரம். 9 மணிக்கு மேல் மேற்கிலிருந்து உலர்ந்த காற்று வரும். தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடும், தூரத்துப் பறவை எதுவும் தெளிவாகத் தெரியாது. நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தால் மரக்காணம் சற்றுக் குளிரும். அதே காற்று திண்டிவனத்துக்கு மாலையில்தான் வந்து சேரும். சித்திரையில் மாலை மேற்கே கருத்துக் கோடை இடி இறங்குவதுண்டு. ஏரி வெளியில் ஒரு மரம்கூட இருக்காது. இடிச்சத்தம் கேட்டால் உடனே சாலைக்கு வந்து வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

இனிப் பறவை. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, பவளக்காலி ஆகியவை நம் ஊர்க்காரர்கள். அவற்றை எப்போதும் பார்க்கலாம். நல்ல காலம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் தெரியும். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், பலவகை உள்ளான்கள் வடக்கிலிருந்து வந்தவை. இவற்றில் கொசு உள்ளானைக் கட்டாயம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எடை 20 முதல் 30 கிராம்தான், ஒரு கைப்பிடி மல்லாட்டை அளவு. சைபீரியாவின் வட ஓரத்தில், துருவத்தை ஒட்டிய மரமில்லா வெளியில் தரையில் முட்டையிடுகிற பறவை அது. ஜூனில் அங்கே பனி உருகும், சூரியன் மறையாது, கொசுவும் பூச்சியும் மொய்க்கும், குஞ்சு வளர்க்க வசதி. பணம் உள்ளவர்கள் அந்த வடகடல் கோடையைப் பார்க்க மே, ஜூனில் கப்பலேறுகிறார்கள். இந்தச் சின்ன உயிர் நம் சேற்றில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே பறந்து போகிறது. பங்குனிக் கடைசியில் சாம்பல் நிறம் மாறிச் சில உள்ளான்களின் உடல் செங்கல் நிறமாகும். இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, கிளம்பப் போகின்றன என்று அர்த்தம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், ஏரியோர வயலில் குருத்துப்பூச்சி கண்ட விவசாயி ஒருவருக்குக் குருணை மருந்து சிபாரிசு செய்தேன். ஏக்கருக்கு எவ்வளவு என்று சொன்னேனே தவிர, வரப்பில் சிந்தவிடாதீர்கள், வெறும் தண்ணீரில் தூவாதீர்கள் என்று சொல்லவில்லை. நாலாம் நாள் அவரே வந்து கூப்பிட்டார். வரப்போரம் பதினேழு உள்ளான்கள் செத்துக் கிடந்தன. "பூச்சியத் தின்ன வந்ததுங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கார்போஃபியூரான் குருணையைப் பறவை விதை என்றோ மணல் என்றோ நினைத்துப் பொறுக்கும். ஒரு சிறு பறவையைக் கொல்ல ஒரு குருணையே போதும். இது பாடப்புத்தகத்தில் இருந்தது. எனக்கு வயலில்தான் புரிந்தது.

உலகத்திலும் இப்படி நடந்திருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குளிர்காலம் கழிக்கப் போகும் ஒருவகைப் பருந்து வெட்டுக்கிளியைத் தின்று வாழ்வது. 1995-96-ல் அங்கே வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. விவசாயிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்த ஆட்கள் அவை.

மறுபக்கமும் நம் அருகிலேயே இருக்கிறது. திண்டிவனத்துக்கு வடக்கே வேடந்தாங்கலில், பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்டவர்கள் விவசாயிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் எழுத்தில் பாதுகாப்பு வாங்கினார்கள். அது 1790-களில். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. வனத்துறை வருவதற்கு முன்பே காவலுக்கு நின்றது கழனிக்காரன்தான்.

வாத்துக் கூட்டம் இறங்கினால் இளம் பயிர் மிதிபடும், மறுக்கவில்லை. அதற்கு மினுக்கு நாடா கட்டுங்கள், சத்தம் கொடுத்து விரட்டுங்கள், விஷம் வைக்காதீர்கள். ஏரியோரம் நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இவை: பூச்சியை எண்ணிப் பார்த்து, பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து. ஏக்கருக்கு 20 இடத்தில் பறவைத் தாங்கி நட்டால் கரிச்சான் வந்து உட்காரும், புழு குறையும். கார்போஃபியூரானில் உறையிட்ட 3 சதவீதக் குருணை தவிர மற்ற வடிவங்களை மத்திய அரசு 2023-ல் தடை செய்துவிட்டது. பழைய பாக்கெட் வீட்டில் இருந்தால் பயன்படுத்தாமல், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அதன்படி அப்புறப்படுத்துங்கள். மருந்து நேர்த்தி செய்த விதையை மேலே கிடக்க விடாமல் மண் மூடுங்கள். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை ஏரிக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அதே தண்ணீரில்தான் நம் மாடும் குடிக்கிறது.

போகிறவர்களுக்கு: விடியற்காலையில் போய் 9 மணிக்குள் பார்த்து முடியுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். தொப்பி, தண்ணீர், முடிந்தால் ஒரு பைனாகுலர். படகுச் சவாரியை எதிர்பார்க்க வேண்டாம். சாலையோரமும் கரையும் போதும். சரணாலயம் என்பதால் ஏரிக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். வெயில் ஏறியதும் மரக்காணத்தில் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் நிழலில் உட்காரலாம். கடற்கரைப் பக்கம் போனால், மணலில் பங்குனி ஆமை முட்டையிட்ட தடம் இருக்கக்கூடும். தோண்டிப் பார்க்க வேண்டாம்.

வாசகி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பி வந்ததும் உங்கள் வயலில் உழவுக்குப் பின்னால் வரும் கொக்கு, உள்ளான் எத்தனை என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கொசு உள்ளான் ஆடி கழிந்ததும் திரும்பி வரத் தொடங்கும். அது எந்த வயலில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.