திருவனந்தபுரமும் நம் பிள்ளைகளின் புத்தகங்களும்

திருவனந்தபுரத்திற்குச் செல்லும் தமிழ் அன்பர்கள் பெரும்பாலும் பத்மநாபசுவாமி கோயிலைத் தரிசித்து, மிருகக்காட்சிசாலையைச் சுற்றிப் பார்த்து, மாலையில் கோவளம் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு ஊர் திரும்புவர். அவற்றோடு பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகத்தையும் ஒருமுறை கண்டு வருதல் நன்று. குழந்தைகளுடன் செல்வோர் தவறாமல் காண வேண்டும். தாயகம் விட்டு வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்னும் கேள்விக்கு அந்நகரம் பல வகையில் விடை தருகிறது.

அந்நகரத் தமிழரின் நிலை நமக்குப் புதியதன்று. சாலைக் கடைத்தெருவிலும், கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும், கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லைக்கோடு நகர்ந்தது; தலைநகரில் குடியிருந்த தமிழரின் வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டிலே தமிழ், வீதியிலே மலையாளம், பள்ளியிலே பெரும்பாலும் மலையாளம் அல்லது ஆங்கிலம் என்று அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தனர். மும்பையிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளும் இவ்வாறே வளர்கின்றனர். பாட்டி பேசும் தமிழ் பேரனுக்கு விளங்குகிறது. ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தை அவனால் படிக்க முடிவதில்லை. மொழி காதளவில் நின்று கண்ணுக்கு எட்டாமற்போகும் இந்த இடத்தில்தான் புத்தகம் துணைக்கு வரவேண்டும். எனவே அதைத் தேர்ந்தெடுப்பது சிறு காரியமன்று.

இனி நூலகத்திற்கு வருவோம். 1829-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தோன்றிய இந்நூலகம் இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக எழுந்த அதன் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் அங்கே உண்டு. கேரளத்தில் வாசிப்பை ஊர்தோறும் பரப்பிய பி. என். பணிக்கர், 1945-ஆம் ஆண்டில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். 1995-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று அவர் மறைந்தார். மறு ஆண்டு முதல் அந்நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகிறது.

நூலகம் குழந்தைக்குத் தரும் பெரிய நன்மை யாது? பிடிக்காத நூலைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையே அது. கடையில் பணம் கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை பாதியில் மூடினால் நமக்குக் கோபம் வருகிறது. 'காசு போட்டு வாங்கியிருக்கிறது, படி' என்கிறோம். நூலகத்திலே அந்தக் கட்டாயம் இல்லை. பத்து நூல்களைப் புரட்டி, எட்டை வைத்துவிட்டு, இரண்டை எடுத்து வரும் சிறுமி தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறாள். வேண்டாதவற்றைத் தள்ளிப் பழகாதவருக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் வாய்ப்பது அரிது. நாம் தெரிந்து கொடுப்பதோடு, தெரிந்தெடுக்கும் பழக்கத்தையும் அவர்களுக்குக் கொடுத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் பெற்றோர் கடமை என்ன? பிள்ளை தேர்ந்தெடுக்கும் தட்டில் நல்லனவற்றை நிரப்பி வைப்பதாகும். எது நல்லது என்பதற்கு அந்நகரத்தோடு தொடர்புடையோர் சிலரையே சான்றாகக் கொள்ளலாம்.

முதலாவது, சிறு குழந்தைகளுக்கான நூல். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ஆம் ஆண்டில் தேரூரில் பிறந்தவர். நாகர்கோவிலிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்து 1931-இல் ஓய்வு பெற்றார். கல்வெட்டு ஆராய்ச்சியில் வல்லவரான அவரே பசுவையும் கன்றையும் காக்கையையும் கிளியையும் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடினார். குழந்தையின் வாய்க்கு எளிதான சொற்கள், தாளத்திற்கு இசைந்த அடிகள், அன்றாடம் கண்ணில் படும் பொருள்கள் ஆகிய இம்மூன்றும் அப்பாடல்களில் உண்டு. இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. வாங்குமுன் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். உங்கள் நாவே தடுக்கினால் பிள்ளையின் நாவும் தடுக்கும். படங்களையும் கருதுதல் வேண்டும். டில்லியில் 1957-ஆம் ஆண்டில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கிய ஓவியர் சங்கர், இளமையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் படமே முதல் எழுத்து.

அடுத்து, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பருவம். இப்பருவத்தில் பிள்ளைகள் பள்ளி மொழியில் விரைந்து படிக்கத் தொடங்குவர், தமிழ் பின்தங்கும். இதைக் கண்டு சில பெற்றோர் பிறமொழி நூல்களைப் பறித்து வைத்துவிட்டு, அறநெறி விளக்கும் தமிழ் நூலை மருந்துபோல் ஊட்டுகின்றனர். அதனால் தமிழ் கசக்கிறது. கேரளம் 1981-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் குழந்தை இலக்கியத்திற்கென்றே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. மலையாளச் சிறுவர் நூல்கள் பல தமிழுக்கும் வந்துள்ளன. அவ்வாறு கொண்டுவந்தோருள் உதயசங்கர், யூமா வாசுகி ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் சொந்தப் படைப்புகளான 'ஆதனின் பொம்மை' 2023-இலும், 'தன்வியின் பிறந்தநாள்' 2024-இலும் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருதைப் பெற்றன. அண்டை மொழியை நேசித்தவர்களாலேயே நம் மொழிக்குச் செல்வம் சேர்ந்தது. ஆதலால் பிள்ளை பள்ளி மொழியில் விரும்பிப் படித்த கதை தமிழில் கிடைக்குமாயின் அதையே தேடிக் கொடுங்கள். கதை முன்பே தெரியும். தெரியாத சொல்லும் அதன் துணையால் விளங்கும்.

மூன்றாவது, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர். இவர்களிடம் சிறுவர் நூலை நீட்டினால் சிரிப்பார்கள். இவர்களுக்கு வேண்டுவது உண்மை. சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன், 2021-ஆம் ஆண்டில் மறைந்தார். அத்தெருவின் வணிகரும் கூலியாட்களும் அவர் கதைகளில் நடமாடுகின்றனர். 'புனலும் மணலும்' நாவலில் ஆற்றுமணல் அள்ளுவோரின் வாழ்வு விரிகிறது. திருவனந்தபுரத்திலேயே பிறந்த நீல பத்மநாபன், 1968-இல் வெளியான 'தலைமுறைகள்' நாவலில் இரணியல் செட்டியார் குடும்பமொன்றின் வாழ்வை அவ்வூர்ப் பேச்சிலேயே எழுதினார். தான் நாள்தோறும் நடக்கும் தெரு தமிழ் நாவலில் வருவதைக் காணும் இளைஞனுக்கு, தமிழ் பாட்டி வீட்டுப் பொருள் மட்டுமன்று, தன் ஊரையும் சொல்ல வல்ல மொழி என்பது விளங்கும். நாம் வாழும் ஊர்களைப் பற்றியும் அங்குள்ள தமிழர் எழுதியவை இருக்கும்; தேடிக் காணல் வேண்டும். இந்நாவல்கள் பெரியோருக்காக எழுதப்பட்டவை. வாழ்வின் கடுமையை மறையாமல் காட்டுபவை. ஆகவே பெற்றோர் முதலில் படித்து, வயதறிந்து கொடுத்து, பின்னர்ப் பிள்ளையோடு அமர்ந்து பேசுதல் நலம். 'இதைப் படிக்காதே' என்பதைவிட 'இதைப் படித்தாயா, நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்பது சிறந்த காவல்.

நம் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகள் படித்து முடித்த தமிழ் நூல்களில் இரண்டைக் கொடுத்தால் சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி நிறையும். மாதக் கூட்டத்திற்கு வரும் பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சென்று, பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் திருப்பித் தரட்டும். பணிக்கர் சங்கம் அமைத்தபோது அவரிடம் இருந்தவை 47 நூலகங்கள்; நமக்கு ஓர் அலமாரி போதும். திறவுகோலைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவோம்.