துறைமுக நகரின் மெல்லிசை

ஈழத்துப் பொப் இசை என்றதும் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியனவே பலர் நாவில் எழும். அவற்றின் பைலாத் தாளம் போர்த்துக்கேயர் வழி வந்தது. 1624இல் அவர்கள் கோட்டை கட்டிய திருகோணமலையில், பறங்கியர் இல்ல விழாக்களிற் கபிரிஞ்ஞா ஆட்டம் இன்னும் அழிந்துவிடவில்லை.

ஆயினும் அந்நகரின் பரமேஸ், கோணேஸ் சகோதரர் 1970களில் அத்துள்ளலையே நம்பியிருந்தாரல்லர். 'உனக்குத் தெரியுமா' என்னும் அவர்தம் பாடல் மெல்லிய காதற்பாடல். தமிழகத் திரைப்பாடல்களே மேடைகளை ஆண்ட காலத்திற் சொந்தச் சொல்லையும் சொந்த மெட்டையும் இசைத்தட்டில் ஏற்றத் துணிந்தமை சிறுசெயலன்று. பொப் இசையை 'இரவற் சரக்கு' என இகழும் பெரியோர் (அவர்களும் திரைமெட்டை முணுமுணுப்பவரே) இதனைக் கருதுவதில்லை. கூத்தையும் நாட்டார் பாடலையும் ஒலிப்பதிவு செய்யும் நம் ஆய்வாளர் இவ்விசைத்தட்டுக்களையும் தேடலாமே!