ரெண்டு செருப்பும் இருக்கா?

ராத்திரி ரெண்டரை மணிக்கு ஒரு மனுஷன் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு 'ஐயோ... அம்மா!' என்று அலறினால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தேள். ரெண்டு, கெட்ட கனவு. மூணு, குரக்களி. எனக்கு மூணாவது. ஆனால் என் மனைவி நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

''நெஞ்சா? நெஞ்சா?'' என்று என் பனியனைப் பிடித்து உலுக்கினாள்.

''கால்... கால்...''

''கால் மணி நேரமா வலிக்குதா? அப்பவே எழுப்பறதுக்கென்ன?''

தமிழில் காலுக்கு ரெண்டு அர்த்தம் வைத்தவரை அன்றைக்கு மனசார சபித்தேன்.

குரக்களி வந்திராத பாக்கியவான்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று கெண்டைக்கால் சதை யாரையும் கேட்காமல் தானாகச் சுருங்கி, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு, கல்லாகிவிடும். பாதம் கீழ்நோக்கி வளைந்துகொள்ளும். நீங்கள் காலை நீட்டு என்றால் கேட்காது, மடக்கு என்றாலும் கேட்காது. மொத்தமே ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோதான். ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தில் நீங்கள் குலதெய்வத்தில் ஆரம்பித்து வேறு மதத்துக் கடவுள்கள்வரை போய்விட்டு வந்திருப்பீர்கள். விடிந்ததும் பார்த்தால், யாரோ அந்த இடத்தில் உலக்கையால் இடித்த மாதிரி ஒரு வலி மட்டும் மிச்சமிருக்கும். நொண்டிக்கொண்டே போய் கிண்டி ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

எனக்கு வயசு 39. சுகர் வந்து அஞ்சு வருஷம். ஆபீஸில் இலவச செக்-அப் என்றார்கள். இலவசம் என்றால் நான் விடுவேனா? போனேன், சுகரோடு திரும்பினேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023-ல் வெளியான ஐ.ஸி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. நான் பத்துக் கோடியில் ஒருவன், அவ்வளவுதான்.

மாத்திரைகள்: காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மெட்ஃபார்மின். பி.பி.க்கு ஒன்று. படுக்கப் போகுமுன் கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. அஞ்சு வருஷமாக ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் அந்தக் குரக்களி வாரம் ரெண்டு தடவை என்று ஆகிறவரைக்கும்தான்.

ஆபீஸில் நொண்டியது தப்பாகப் போயிற்று. நம் ஆபீஸ்களில் ஃபைல் நகராதே தவிர வைத்தியம் நகரும். பக்கத்து ஸீட்காரர், ''பொட்டாசியம் ஸார்! தினம் மூணு மோரீஸ் பழம் சாப்பிடுங்க'' என்றார். சர்க்கரைக்காரனுக்கு தினம் மூணு வாழைப்பழம்! டெஸ்பாட்ச் நண்பர் உப்பு போட்ட மோர் என்றார். எனக்கு பி.பி. இருப்பதை ஞாபகப்படுத்தினேன். ''அப்ப உப்பு போடாத மோர்'' என்றார், தயங்காமல். இன்னொருவருக்கு வாட்ஸப்பில் வந்திருந்தது: படுக்கை விரிப்புக்கு அடியில் ஒரு ஸோப்புக் கட்டியை வைத்துக்கொண்டு படுத்தால் குரக்களி வராதாம். சிரிக்காதீர்கள். வைத்தேன். மூணாம் நாள் மனைவி விரிப்பை உதறும்போது ஸோப்பு எகிறிப் போய் விழுந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு வாட்ஸப்பில் மருந்து இல்லை.

கடைசியில் அக்கவுண்ட்ஸ் நண்பர்தான் ரகசியக் குரலில் சொன்னார்: ''எல்லாம் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை பண்ற வேலை. என் மச்சான் நிறுத்தினான். இப்ப குதிரை மாதிரி ஓடறான்.''

நிறுத்தினேன். நாலு நாள் காலில் ஒன்றும் வரவில்லை! குரக்களி வரும் போகும், அதற்கு என்று ஒரு டைம் டேபிள் கிடையாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. 'ஒன்றை நிறுத்தியதற்கே இவ்வளவு குணம் என்றால்...' என்று கணக்குப் போட்டு, மெட்ஃபார்மினையும் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. பி.பி. மாத்திரையை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தேன். அது எவ்வளவு பெரிய நகைச்சுவை என்று பிற்பாடு தெரிந்தது.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து, சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பினால், காபி கொடுப்பதற்கு முன்னால் அம்மா ஒரு கேள்வி கேட்பாள். ''ரெண்டு செருப்பும் இருக்கா தம்பி?''

காரணம் எனக்குத் தெரியும். அப்பா திருச்சியில் பஸ் கண்டக்டர். அவருக்கும் சுகர். மாத்திரையைத் தோணினால் போடுவார், தோணாவிட்டால் சட்டைப் பையிலேயே இருக்கும். 1997-ல், நான் ஆறாவது படிக்கும்போது, ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து வாசலில் நிற்கிறார். ஒரு காலில்தான் செருப்பு. ''இன்னொண்ணு எங்க?'' என்று அம்மா கேட்டாள். அப்பா குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். டார்ச் லைட்டோடு நான்தான் போய்த் தேடினேன். தெருமுனைப் பெட்டிக்கடை பக்கத்தில் கிடந்தது. அங்கிருந்து வீடுவரைக்கும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். கல் குத்தியது தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஆணி குத்தியதும் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து, 'யாருக்கு அடிபட்டிருக்கு?' என்று கேட்டது அவர்தான். அந்தப் புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் ஸோப்பு வைத்துப் படுத்தேன். ஒவ்வொரு தடவை கால் பிடிக்கும்போதும் எனக்கு வந்த பயம் இந்த பயம்தான். பயத்தில் டாக்டரிடம் ஓடுகிறவர்கள் ஒரு ஜாதி. பயத்தில் டாக்டர் பக்கமே போகாதவர்கள் இன்னொரு ஜாதி. நான் ரெண்டாவது.

மாத்திரை நிறுத்தி ஆறு வாரம். தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம். குரக்களி வாரம் ரெண்டிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பிரமோஷன் வாங்கியது. ஒரு சாயங்காலம், லோக்கல் ரயிலில் ஒரு காலில் தொங்கிக்கொண்டு வந்த எரிச்சலில், அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டதும் கத்திவிட்டேன். ''இருக்கும்மா! ரெண்டும் இருக்கு! காலும் ரெண்டு இருக்கு, எண்ணிக்கோ!''

அம்மா ஒன்றும் பேசவில்லை. காபி வந்தது.

அன்று ராத்திரியும் வந்தது. மனைவி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். தரையில் உட்கார்ந்து என் முழங்காலை நேராக்கி, பாதத்தை என் முகத்தைப் பார்த்து மெதுவாக மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அரை நிமிஷத்தில் கல் கரைந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு எத்தனை ராத்திரி பிடித்தாளோ.

''மாத்திரையெல்லாம் போடறியா?''

''போடறேம்மா.''

காலையில் டைனிங் டேபிளில், என் டிபன் தட்டுக்குப் பக்கத்தில், மருந்துக் கடை பில்லும் பிரிக்காத மாத்திரை அட்டைகளும் வரிசையாக வைத்திருந்தன. கண்டக்டர் பெண்டாட்டி. கணக்கில் விடமாட்டாள்.

எங்கள் ஏரியா சர்க்கரை டாக்டர் ஒரு அம்மாள். நான் மெதுவாக விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், ''சாக்ஸைக் கழட்டுங்க'' என்றார். டாக்டர் வீட்டுக்குப் போவதென்று ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வலது சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதைவிட மானம்போனது அவர் கேள்விகள் ஆரம்பித்தபோது.

நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறதா? இல்லை. (அப்படி இருந்தால் ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாமாம்.) எரிச்சல், ஊசி குத்துவது, மரத்துப் போவது? இல்லை. இரண்டு தொடையும் தோளும் நாள் முழுக்க வலிக்கிறதா? இல்லை. ''கொலஸ்ட்ரால் மாத்திரையால சிலருக்குச் சதை வலி வர்றது உண்டு. பெரும்பாலும் இப்படித்தான் வரும். சந்தேகம்னா ரத்தத்துல ஸி.கே.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, டோஸைக் குறைக்கலாம், வேற மாத்திரை மாத்தலாம். அதெல்லாம் என் வேலை. உங்க அக்கவுண்ட்ஸ் நண்பர் வேலை இல்லை. அது உங்க ஹார்ட்டுக்காகக் கொடுத்தது.''

பிறகு மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். அப்புறம், ஸ்கூல் பிசிக்ஸ் லாபில் பார்த்த இசைக்கவையை அதிரவிட்டு கட்டைவிரலில் வைத்தார். அப்புறம் பாதத்தின் மேலே நாடித் துடிப்பு. எல்லாம் அஞ்சு நிமிஷம்.

''இடது காலுக்கு எல்லாத்துக்கும் 'ம்' சொன்னீங்க. வலது கால்ல ரெண்டு இடத்துல சொல்லலை.''

''தொட்டீங்களா டாக்டர்?''

''தொட்டேன்.''

ஏ.ஸி. போட்டிருந்தும் எனக்கு வியர்த்தது. ஆறு வாரமாக நான் கட்டிப்பிடித்து அழுதது இடது காலை. வலது கால் ஒரு நாள்கூட வலிக்கவில்லை. ''கத்தற கால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை ஸார்'' என்றார் டாக்டரம்மா. அப்பாவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ''இது ஆரம்பம்தான். இப்பவே வந்துட்டீங்க'' என்றார். ஆறு வாரம் முன்னாடி வந்திருக்கலாம் என்று சொல்லாத பெருந்தன்மை!

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் வெளியே வந்தது. மூணு மாச சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.ஸி. 7.1-லிருந்து 9.2 ஆகியிருந்தது. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பில் தண்ணீர் வற்றும், சதை முரண்டு பிடிக்கும். அதாவது, குரக்களியை நிறுத்த நான் செய்த வைத்தியமே குரக்களிக்குத் தீனி. ரெண்டாவது, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு பி12 குறையும். எனக்குக் குறைந்திருந்தது. பி12 குறைந்தாலும் நரம்பு கெடும். அதற்கு மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம், பி12 சேர்த்துக் கொடுத்தால் போதும். மூணாவதுதான் வேடிக்கை. போனால் போகிறதென்று நான் விட்டுவைத்தேனே பி.பி. மாத்திரை, அதில்தான் சிறுநீரோடு உப்புகளை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தது. பொட்டாசியம் குறைந்திருந்தது. மாற்றிக் கொடுத்தார். நாலு மாத்திரையில் விசாரிக்க வேண்டிய ஆசாமியை விடுதலை செய்துவிட்டு, மற்றவர்களைத் தண்டித்திருக்கிறேன்!

''இதுக்குன்னே ஒரு மாத்திரை கிடையாதா டாக்டர்?'' என்று கேட்டேன். ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கும் குவினைனைக் குரக்களிக்கும் கொடுத்தார்களாம். ரத்த அணுக்களுக்கு ஆபத்து என்று 2010-ல் அமெரிக்க மருந்துத் துறையே கடுமையாக எச்சரித்துவிட்டது. பதிலுக்கு அவர் கொடுத்தது ஒரு சுவரை. படுக்கப் போகுமுன் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் இழுக்கும்வரை. எண்ணி முப்பது. மூணு தடவை. போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகக்கூடாது, அது பாதத்தைக் கீழே அழுத்தும்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது என்றார். அன்றே வெந்நீர்ப் பை பரணுக்குப் போயிற்று.

இதெல்லாம் நடந்து எட்டு மாசம் ஆகிறது. குரக்களி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். மாசம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. போன வாரம்கூட ரெண்டரை மணிக்குத் துள்ளி எழுந்தேன். மனைவி கண்ணைத் திறக்காமலே, ''சுவரு அந்தப் பக்கம்'' என்றாள். ஹெச்.பி.ஏ.1.ஸி. 7-க்கு வந்திருக்கிறது. நைலான் இழைக்கு வலது கால் ஒரு இடத்தில் 'ம்' சொல்ல ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு இடம் யோசித்துக்கொண்டிருக்கிறது.

இப்போதெல்லாம் ஆபீஸுக்கு ஷூதான். கழன்று விழ வழியே இல்லை. நேற்று வாசலில் நுழைந்ததும், அம்மா கேட்குமுன் நானே முந்திக்கொண்டு, ''ரெண்டும் இருக்கும்மா'' என்றேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

''சாக்ஸைக் கழட்டு'' என்றாள்.