லூக் வாளைத் தூக்கிப் போட்ட அந்த நொடி!

கடலுக்கு நடுவே ஒரு பாறைத்தீவு. உச்சியில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர். எதிரே ஓர் இளம்பெண், அவருடைய பழைய ஒளிவாளை நீட்டியபடி நிற்கிறாள். அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 2015 டிசம்பரில் வெளியான 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவர் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று ரசிகர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

2017 டிசம்பரில் அடுத்த பாகம் 'தி லாஸ்ட் ஜெடை' வந்தது. அவர் வாளை வாங்கினார். பார்த்தார். பழைய செருப்பை வீசுவதுபோல் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டுக்கு நடந்து போய்விட்டார்.

ரசிகர் உலகம் இரண்டாக உடைந்த இடம் அதுதான். சண்டை இன்னும் ஓயவில்லை. (படம் பார்க்காதவர்கள் கவனிக்க: கதையின் முடிவு முழுவதும் கீழே இருக்கிறது!)

அந்த மனிதர் லூக் ஸ்கைவாக்கர். நடித்தவர் மார்க் ஹாமில். 1977 மே மாதம் முதல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது அவருக்கு வயது 25. பாலைவனக் கிரகம் ஒன்றில் மாமா வீட்டில் வளரும் பையன், இரட்டைச் சூரியன்கள் மறைவதைப் பார்த்து ஏங்கி நிற்பான். அந்தப் பையன்தான் 1983-ல் மூன்றாவது படம் முடிவதற்குள் ஜெடை வீரனாகி, கொடியவன் டார்த் வேடர் தன் அப்பா என்று தெரிந்த பிறகும் அவரைக் கொல்ல மறுத்து, நல்வழிக்குத் திருப்புகிறான். 1977-ல் பத்து வயதில் அதைப் பார்த்த குழந்தைக்கு 2017-ல் ஐம்பது வயது. தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போன அந்த ஐம்பது வயதுக்காரர் எதிர்பார்த்தது என்ன? தான் பார்த்து வளர்ந்த அதே லூக், கொஞ்சம் நரையோடு. அவ்வளவுதான்.

அவருக்குக் கிடைத்ததோ வேறு. உலகத்தோடு உறவை அறுத்துக்கொண்டு, கடல் விலங்கின் மடியிலிருந்து பச்சை நிறப் பால் கறந்து குடித்துக்கொண்டு, யாரையும் காப்பாற்ற வர மாட்டேன் என்று எரிந்து விழும் கிழவர். அதைவிடப் பெரிய இடி, அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கான காரணம். இரட்டைச் சகோதரி லேயாவின் மகன் பென், லூக்கிடம் பயிற்சி பெறுகிறான். அவன் மனதில் இருள் வளர்வதை உணர்ந்த தாய்மாமன், ஓர் இரவு அவன் தூங்கும்போது வாளை உயிர்ப்பித்துவிடுகிறார். ஒரே ஒரு கணம். உடனே வெட்கப்பட்டு நிற்கிறார். ஆனால் மருமகன் கண்விழித்துப் பார்த்துவிட்டான். அவன்தான் பிறகு கைலோ ரென் என்ற வில்லன்.

'பல கோடி உயிர்களைக் கொன்ற அப்பனிடமே நல்லதைத் தேடியவன், தூங்கும் பிள்ளைக்கு எதிராக வாளை எடுப்பானா? இது லூக்கே இல்லை' என்பது எதிர்ப்பவர்களின் வாதம். வலுவான வாதம்தான். ஆதரிப்பவர்கள் 1983 படத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். சகோதரியைப் பற்றி வேடர் ஒரு வார்த்தை மிரட்டியதும் அதே லூக் வெறிகொண்டு பாய்ந்து, அப்பாவின் கையையே வெட்டிவிட்டுத்தானே நின்றான்? கோபம் வருவதும் கடைசி நொடியில் சுதாரிப்பதும் அவனுக்குப் புதிதில்லை. இதுவும் சரிதான். ஆனால் 'அன்றும் பேரரசன் முன்னால் வாளைத் தூக்கி எறிந்தவன்தானே, இன்றும் எறிகிறான்' என்று சிலர் இன்னும் ஒரு படி மேலே போகும்போதுதான் இடிக்கிறது. அன்று எறிந்தது துணிச்சலில். இன்று எறிந்தது வெறுப்பில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கோபத்துக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. இடைப்பட்ட 32 வருடங்கள் லூக் சும்மா இருக்கவில்லை. நாவல்களிலும் காமிக்ஸ்களிலும் வீடியோ கேம்களிலும் வாழ்ந்துகொண்டிருந்தார். அங்கே அவர் பெரிய ஜெடை குரு. கல்யாணம் ஆகி, மகனும் பிறந்தான். டிஸ்னி 2012-ல் லூகாஸ்ஃபிலிமை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-ல் அந்தக் கதைகள் எல்லாம் இனி அதிகாரபூர்வக் கணக்கில் சேராது என்று அறிவிப்பு வந்தது. கைக்காசு போட்டு வருடக்கணக்கில் வாங்கிப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்குத் தெரிந்த லூக்கை ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

திட்டு முழுவதும் இயக்குநர் ரையன் ஜான்சன் தலையில் விழுந்தது. அது முழு நியாயமில்லை. சீடன் கெட்டுப்போனான், லூக் தன்னையே நொந்துகொண்டு மறைந்துவிட்டார் என்பதை 2015 படத்திலேயே ஹான் சோலோ சொல்லிவிடுகிறார். ஜே.ஜே.ஆப்ராம்ஸ் தீவில் கொண்டுபோய் நிறுத்திய மனிதர் ஏன் நண்பர்களை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார் என்ற கேள்விக்குத்தான் ஜான்சன் பதில் எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கூட்டத்தில் முதல் எதிர்ப்பாளர் யார் தெரியுமா? மார்க் ஹாமிலேதான்! கதையைப் படித்ததும், இந்தப் பாத்திரத்துக்காக நீங்கள் எடுத்த எந்த முடிவிலும் எனக்கு அடிப்படையில் உடன்பாடில்லை என்று ஜான்சனிடம் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொன்னார். சொல்லிவிட்டு, நீங்கள் எழுதியதை என்னால் முடிந்த அளவு நன்றாகச் செய்வதே இனி என் வேலை என்றும் சேர்த்துக்கொண்டார். படம் வந்த பிறகு அந்தப் பேட்டிகள் எதிர்ப்பாளர்களின் கையில் ஆயுதமானபோது, சந்தேகங்களை வெளியே பேசியதற்காக வருந்துவதாகவும், ஜான்சன் எடுத்தது மிகச் சிறந்த படம் என்றும் ட்விட்டரில் எழுதினார்.

பிடிக்காத லூக்காக மாற அவர் கண்டுபிடித்த வழி சுவாரஸ்யமானது. ஹாமில் அறுபதுகளில், பீட்டில்ஸ் காலத்தில் இளைஞரானவர். தங்கள் தலைமுறை அதிகாரத்துக்கு வந்தால் போரும் இனவெறியும் ஒழிந்துவிடும் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். அப்படி எதுவும் நடக்கவில்லை, நாங்கள் தோற்றுவிட்டோம் என்ற அந்த நினைப்பைத்தான் லூக்குக்குள் வைத்ததாகச் சொன்னார். தீவில் அவர் ரேயைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் அலுப்பு, நடிப்புப் பள்ளியில் கற்றதல்ல.

இனி, அந்த வழியனுப்பு.

கிரெயிட் என்ற கிரகம். தரை முழுக்க வெள்ளை உப்பு, கால் பட்டால் அடியில் ரத்தச் சிவப்பு. லேயாவும் மிச்சமிருக்கும் சிறு கூட்டமும் குகைக்குள் சிக்கியிருக்கிறார்கள். எங்கிருந்தோ லூக் வந்து நிற்கிறார். தாடி கறுத்திருக்கிறது, முடி திருத்தியிருக்கிறது. சகோதரியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் தனியாளாக வெளியே நடக்கிறார். மொத்தப் பீரங்கிகளும் அவர்மேல் சுடுகின்றன. புகை விலகினால், தோளில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார்! முப்பது வருடமாக ரசிகர்கள் மனதில் வைத்திருந்த லூக், அச்சு அசலாக.

ஆனால் அது அவர் இல்லை. வெறும் பிம்பம். உடல் தீவில் ஒரு பாறைமேல் கண்மூடி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது முறை பார்த்தவர்கள் தடயங்களைப் பட்டியல் போட்டார்கள்: கைலோ ரென் நகரும் இடமெல்லாம் தரை சிவக்கிறது, லூக்கின் காலடியில் சிவப்பே இல்லை. இரண்டு வாள்களும் ஒருமுறைகூட மோதிக்கொள்ளவில்லை. கையில் இருப்பது ஏற்கெனவே இரண்டாக உடைந்துபோன நீல வாள். அவர் யாரையும் வெட்டவில்லை, உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு தூரம் பிம்பத்தை அனுப்பியதில் உயிரின் சக்தி தீர்ந்து, இரட்டைச் சூரியன்களைப் பார்த்தபடியே காற்றில் கரைகிறார். பாறைமேல் அங்கி மட்டும் கிடக்கிறது.

கேட்ட லூக்கையும் கொடுத்து, 'நீங்கள் கேட்பது உங்கள் நினைவில் மட்டும் இருப்பவரை' என்றும் காட்டிய காட்சி அது. படத்தின் ஆகச் சிறந்த பத்து நிமிடம். எதிர்ப்பாளர்களுக்கு அதுவே இரட்டை ஏமாற்றம்.

படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்களில் பத்தில் ஒன்பது பேர் பாராட்டினார்கள். இணையத்தில் ரசிகர்கள் தந்த மதிப்பெண் பாதிக்கும் கீழே இருந்தது. இந்தப் படத்தை அதிகாரபூர்வக் கதையிலிருந்தே நீக்க வேண்டும் என்ற மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதுவரைகூட ரசிகனின் செல்லக்கோபம் என்று விட்டுவிடலாம். ரோஸ் வேடத்தில் நடித்த கெல்லி மேரி டிரான்மீது இனவெறி வசவுகள் கொட்டின. 2018-ல் அவர் இன்ஸ்டாகிராம் பதிவுகளையே அழித்துவிட்டார். அதற்கும் லூக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ரசனை என்று அதற்குப் பெயர் வைக்கவும் முடியாது.

இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரே குறை உண்டு. லூக், லேயா, ஹான் சோலோ மூவரும் புதிய படங்களில் ஒரு காட்சியில்கூட ஒன்றாக நிற்கவில்லை. ஹான் 2015 படத்திலேயே கொல்லப்பட்டுவிட்டார். லேயாவாக நடித்த கேரி ஃபிஷர், 'தி லாஸ்ட் ஜெடை' படப்பிடிப்பை முடித்த சில மாதங்களில், 2016 டிசம்பரில் இறந்துபோனார். ஹாமிலும் இந்த வருத்தத்தை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். குகைக்குள் லூக், ஹானின் பொன்னிறப் பகடைகளை லேயாவின் கையில் வைக்கிறாரே, அதுதான் மூவரின் சந்திப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பகடைகளும் பிம்பம்தான், பிறகு மறைந்துவிடுகின்றன.

2020 டிசம்பரில் 'தி மாண்டலோரியன்' தொடரின் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில் கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் ரோபோ வீரர்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டு வந்தார். அங்கி விலகியதும் இளம் லூக்! பெரியவர்கள் திரை முன்னால் அழும் ரியாக்‌ஷன் வீடியோக்கள் குவிந்தன. 'இதோ எங்கள் லூக்' என்றார்கள். முகம் கம்ப்யூட்டர் செய்தது, உடல் வேறொரு நடிகருடையது, குரல் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து மென்பொருள் உருவாக்கியது.

'தி லாஸ்ட் ஜெடை'யின் கடைசிக் காட்சி, லூக் மறைந்த பிறகு வருகிறது. எங்கோ ஒரு லாயத்தில் வேலை பார்க்கும் ஏழைச் சிறுவர்கள், தாங்களே செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு லூக் தனியாக நின்று போரிட்ட கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி வந்து அதட்டுகிறான். பையன் ஒருவன் வெளியே வந்து துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்குகிறான்.