துருப்பிடிக்காத ஒட்டகம்

 

தென் அரேபியாவின் மஹ்ரா கோத்திரத்தார் வளர்த்த விரைவு ஒட்டகத்திற்கு 'மஹ்ரி' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களின் நாவில் அது 'மெஹாரி' ஆயிற்று. 1968இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் வெளியிட்ட சிறு வாகனம் ஒன்றும் அப்பெயரையே தாங்கியது. அதன் உடல் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வண்ணம் மேலே பூசப்படாமல் பிளாஸ்டிக்கிலேயே கலக்கப்பட்டிருந்தது. 1987 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. நம் நாட்டில் 2001இல் பெங்களூரில் வெளிவந்த 'ரேவா' மின்சாரக் காரின் உடற்பலகைகளும் இவ்வகைப் பிளாஸ்டிக்கே.

சிவகாசியை அடுத்த எங்கள் நாரணாபுரத்திலும் இன்று பிளாஸ்டிக், ஃபைபர் பலகைகள் கொண்ட மின்சார லோடு ஆட்டோக்கள் காகிதக் கட்டும் காலண்டர்க் கட்டும் சுமந்து ஓடுகின்றன. எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளையொருவனின் தந்தை தவணையில் அப்படியொன்றை வாங்கினார். ஒருநாள் அதன் முன்பலகை விரிசல் கண்டது. "ஹஜ்ரத், தகரமென்றால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி விடுவார்கள், இதை என்ன செய்வது?" என்று கலங்கினார். வண்டி ஒருநாள் நின்றால் அவர் வீட்டு அடுப்பும் தயங்கும். அவருக்காக விசாரித்து அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை, ஆனால் அதற்கும் முதுமை உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர்கள் ஏ.பி.எஸ்.ஸை வெளிறச் செய்து, நொறுங்கும் தன்மையைத் தருகின்றன. எனவே வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மென்மையான சோப்பு நீரால் கழுவுங்கள். பெட்ரோலோ தின்னரோ தொடவே வேண்டாம். அவை மேற்பரப்பைக் கெடுத்துவிடும். வெப்பத்தில் பிளாஸ்டிக் இரும்பைவிட அதிகமாக விரியும். ஆகவே போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்காமல், அகன்ற வாஷர் இட்டுப் பொருத்துவதே நன்று.

விரிசல் கண்டால் முதலில் அதன் நுனியில் சிறு துளையிடச் சொல்லுங்கள். அது மேலும் ஓடாது. பிறகு பொருளின் வகையை அறிய வேண்டும். ஏ.பி.எஸ். அசிட்டோனில் கரையும். அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அதில் கரைத்த பசையால், உட்புறம் ஒட்டுப் போடலாம். உட்புறம் கண்ணாடி இழை தெரிந்தால் அது ஃபைபர். அதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, இழைப்பாயும் ரெசினும் இட்டு ஒட்ட வேண்டும். ஹார்டனர் குறைந்தால் ரெசின் இறுகாது. கூடினால் சூடேறி விரிசல் விடும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

பளபளக்கும் மேனியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மெஹாரியின் உடல் துருப்பிடிக்கவில்லை. அடியிலிருந்த எஃகுச் சட்டமோ துருவுக்கு இரையானது. மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்புறத்தைக் குனிந்து பாருங்கள்.

பட்டாசு மண்ணில் வாழும் நமக்கு இன்னுமொரு கடமையுண்டு. ஏ.பி.எஸ். எளிதில் தீப்பற்றும், அசிட்டோன் ஆவியும் அப்படியே. ஆகவே இவ்வேலையைப் பட்டாசு ஆலைக்கோ, கிட்டங்கிக்கோ அருகில் செய்யலாகாது. உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் சேரும். மருந்து அறையில் வேலை செய்வோர் நைலான் தவிர்த்துப் பருத்தி உடுத்துவது இதை அஞ்சியே. வாடகை கூடுதலாகக் கிடைக்கிறதென்று சாதாரண லோடு ஆட்டோவில் பட்டாசு மருந்து ஏற்றுவதும் கூடாது. ஒரு நடையின் கூலிக்கு ஓர் உயிர் ஈடாகுமா?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பின்பு அவன் மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். நம் வாகனமும் அல்லாஹ் தந்த அமானிதமே. பராமரிப்பு அதைக் கட்டி வைக்கும் கயிறு. கயிற்றைத் தளர விட்டுவிட்டு 'தவக்குல்' பேசுவது நமக்கு அழகன்று.