தேக்கா சந்தையில் சீனக் கீரைகள்

சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் முஸ்தபா கடையில் வாங்கிய சாமான்களைப் பற்றிப் பேசுவார்கள். வீரமாகாளியம்மன் கோயில் தரிசனத்தைப் பற்றியும் சொல்வார்கள். தேக்கா சந்தையின் கீரைக் கடைகளைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாசக அன்பர்களே, அடுத்த முறை போகும்போது அங்கே அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஃபலோ சாலை. அதை ஒட்டியே சந்தை. 'தேக்கா' என்பது நம் சொல்லைப் போல ஒலித்தாலும், அது ஹொக்கியன் சீனர்களின் சொல். மூங்கிலடி என்று பொருள். 1915-இல் கட்டிய பழைய சந்தையை மலாய்க்காரர்கள் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டகை என்றார்கள். 1982-இல் இப்போதைய கட்டடம் வந்தபோது, மூங்கிலடியையே மாண்டரின் மொழியில் 'சூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். அது மக்கள் வாயில் நுழையவில்லை. 2000-இல் தேக்கா என்ற பெயரே திரும்பி வந்தது.

அங்குள்ள கீரைகளின் கதையும் இப்படித்தான். ஆள் ஒன்று, பெயர் பல. கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பதைப் பார்த்து, "இதெல்லாம் சீனச் சாப்பாடு, நமக்கு ஆகாது" என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கங்கோங் என்பது நம் வள்ளைக்கீரை. தண்டு குழல்போல் இருப்பதால் சீனர்கள் 'உள்ளீடற்ற கீரை' என்கிறார்கள். பாயம் என்று மலாயில் சொல்வது நம் முளைக்கீரையின் இனம். காய் சோய் நம் கடுகுக்கீரை. பஞ்சாபியர் இதே இனத்தைக் கடைந்து சோள ரொட்டியுடன் உண்கிறார்கள். சீனர்களோ உப்பில் ஊறப்போட்டு, 'கியாம் சாய்' என்று வாத்து சூப்பில் போடுகிறார்கள். கைலான் புதிதாகத் தோன்றும். ஆனால் அது நாம் தினம் நறுக்கும் முட்டைக்கோஸின் உடன்பிறப்பு. வெள்ளைத் தண்டுள்ள பாக் சோய்க்கு 'வெள்ளைக் கீரை' என்பதே பொருள். மஞ்சள் பூவோடு வரும் சாய் சிம்மைத்தான் நம் பக்கத்தில் சாவி என்கிறோம். 'சோய்', 'சாய்' என்று எங்கே கேட்டாலும் காய்கறி என்று புரிந்துகொள்ளுங்கள்.

கீரையைவிடச் சமைக்கும் விதத்தில்தான் வேறுபாடு அதிகம். அங்காடி உணவு நிலையத்தில் சீனர் கடை முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இரும்புச் சட்டி புகைகிறது. எண்ணெய், தட்டிய பூண்டு. முதலில் தண்டு, பிறகு இலை. நான்கு புரட்டு புரட்டி இறக்கிவிடுகிறார்கள். நிறம் பச்சை மாறாமல் இருக்கிறது. நம் வீடுகளிலோ கீரை நிறைய தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கிறது. பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். வைட்டமின் சி வெப்பத்தில் அழியும், நீரிலும் கரையும். கொட்டிய தண்ணீரோடு அதுவும் போகிறது. பருப்புக் கீரையை நான் குறை சொல்லவில்லை. வேகும் நேரத்தைக் குறைத்து, தண்ணீரைக் குழம்பிலேயே சேருங்கள் என்கிறேன்.

சைவ அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சம்பல் கங்கோங்கில் பெலாச்சான் இருக்கும், அது கூனிறால். கைலான் மேல் ஊற்றும் கறுப்புச் சாறு சிப்பியில் செய்வது. பூண்டு மட்டும் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் விளைநிலம் மிகக் குறைவு. கீரையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. கேமரன் மலையிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் லாரிகள் பாலம் கடக்கின்றன. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நம் எல்லை அடைபட்டபோது ஆட்கள் நின்றார்கள். உணவு லாரிகள் ஓடின. நம் மண்ணில் விளைந்ததை அங்கே வெள்ளி கொடுத்து வாங்கி விரும்பி உண்கிறார்கள். இங்கே என் வகுப்புப் பிள்ளைகள் மீ கோரெங்கில் கிடக்கும் சாவியைப் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று உயிர் காத்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இவர்கள். அன்று பஞ்சத்துக்குத் தின்ற சர்க்கரைவள்ளி இலை, இன்று சிங்கப்பூர் உணவகங்களில் தனித் தட்டாகவே வருகிறது.

தாய்மார்களுக்கு இது முக்கியம். இரத்தச்சோகை நம் பெண்களையும் பிள்ளைகளையும் சோர வைக்கிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுதாக ஏற்பதில்லை. உடன் எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ இருந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். ஏற்கெனவே சோகை உள்ளவர்கள் கீரையோடு நின்றுவிடாமல் மருத்துவரையும் பாருங்கள்.

சந்தையில் வாங்கிய கங்கோங்கில் நான்கைந்து தண்டுகளை எறியாமல் வையுங்கள். வீட்டுப் பின்புறம் ஈர மண்ணில் ஊன்றினால் வேர்விடும். சாக்கடையோரம் மட்டும் வேண்டாம். பறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தானே பறித்த கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப் பிள்ளைக்கு மனம் வராது.